இரண்டே இருக்கை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் விட்ட இடத்தில் நாற்பதம்மா ஷோரூம் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மறுபடி அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் ஒரு காலைச் சண்டை பாக்கி இருக்கிறது.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாக: நாற்பதம்மா இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். போன மாதம் ஓய்வு பெற்றாள். அந்த வேனில் ஸ்பீடு கவர்னர் பொருத்தி முத்திரை வைத்திருந்தார்கள். எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் இம்மியும் நகராது. பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், கடைத்தெரு சிக்னலுக்கு எதிரே இருக்கிற ஷோரூமில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பணம் கட்டியது. புத்தம் புதியது. இரண்டே இருக்கை. மீதியை இன்று மாலை ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் ஓய்வுப் பணத்தில் மிஞ்சுவதை வைத்து, சாவியை மாட்ட ஓர் ஆணி வாங்கலாம். அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கே பெரியவன் வந்துவிட்டான். பெரியவன் அவளுடைய மகன். வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிறவன். அடிபட்ட வண்டிகளைச் சுற்றி வந்து விலை போடுவதுதான் வேலை. பதினைந்து வருடமாக அதையே பார்த்துப் பார்த்து, எந்த வண்டியைக் கண்டாலும் அது எங்கே நசுங்கும் என்பதுதான் அவன் கண்ணில் முதலில் படும்.

"ஏம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்கறேன்," என்றான், செருப்பைக் கழற்றும்போதே.

"ஒண்ணோட நிறுத்திக்குவியா?"

"ஷோரூம் கேட்டைத் தாண்டின நிமிஷம் அந்த வண்டியோட விலையில அஞ்சுல ஒரு பங்கு போயிடும். தாண்டின நிமிஷம்! நீ ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டே."

"அப்ப கேட்டைத் தாண்டாம உள்ளேயே வெச்சுக்கவா?"

மேஜையோரம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மருமகன் சிரித்த மாதிரி இருந்தது. நாற்பதம்மா திரும்பிப் பார்த்தாள். முகம் பழையபடிதான் இருந்தது.

மருமகன் என்றால் மகளின் கணவர். மகள் இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. வந்த நோய் மூன்று மாதம்தான் தங்கியது. மருமகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறார். பேச்சு குறைவு. மகள் போன பிறகும் அதே வீட்டில், அதே அறையில், வாடகையில் பாதியைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார். முப்பத்து மூன்று வயது. அவருடைய பெற்றோர் திரும்பி வரச் சொல்லி வாரம் தவறாமல் போன் செய்கிறார்கள். போவாரா, இருப்பாரா? நாற்பதம்மா கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மருமகன் தட்டைக் கழுவப் போனதும் பெரியவன் குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்திய குரல் பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் கேட்கும்.

"உன் பென்ஷன்ல வாடகையைக் கொடுத்தா சாப்பாடு இல்ல. சாப்பிட்டா வாடகை இல்ல. கையில இருக்கறதையும் கார்ல போட்டுட்டு, நாளைக்கு மாப்பிள்ளை கிளம்பிட்டார்னா என்ன பண்ணுவே? அந்தக் கார்லயே குடியிருப்பியா?"

"அவரை இதுல இழுக்காதே."

"இழுக்கல. கேட்கறேன்."

"அதையும் கேட்காதே."

குழாய் ஓடும் சத்தம் நின்றது. இருவரும் சட்டென்று காபியைப் பார்த்தார்கள்.

பெரியவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சரி, விலையை விடு. ஐம்பத்தெட்டு வயசு. அந்த சீட்டு தரையோட தரையா இருக்கும். ஏறுறது சுலபம். இறங்க கிரேன் வேணும். ஒரு தடவை ஓட்டிப் பாரு. முதுகு புடிச்சுக்கிட்டு நீயே வேண்டாம்னு வந்துடுவே."

இதுதான் அவன் திட்டம். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து யோசித்த திட்டம் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஓட்டிப் பார்க்கறேன்," என்றாள் நாற்பதம்மா.

*

அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பால் கண்ணாடி வழியாக வடிகட்டி அனுப்பிய மாதிரி ஒரு வெளிச்சம். தெருவில் எதற்கும் நிழல் விழவில்லை.

அந்த ஷோரூமை அவளுக்கு இருபத்தேழு வருடமாகத் தெரியும். உள்ளே போனதுதான் மூன்று தடவை. வேன் சிக்னலில் நிற்கும். தொண்ணூறு விநாடி சிவப்பு விளக்கு. காலையில் ஒரு தொண்ணூறு, மாலையில் ஒரு தொண்ணூறு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வட்ட மேடை மெதுவாகச் சுற்றும். அதன் மேல் எப்போதும் ஒரு சிவப்பு வண்டி. பின்னால் முப்பது பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பார்கள், கிள்ளிக்கொண்டிருப்பார்கள், ஒருவன் நிச்சயம் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான். வட்ட மேடையில் மட்டும் சத்தமே இருக்காது.

அந்த வண்டியில் தான் எங்கே போகப் போகிறோம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. உட்கார்ந்திருப்பதாக மட்டும் நினைத்துக்கொள்வாள். பின்னால் யாரும் இல்லாமல்.

டை கட்டியவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். விற்பனைப் பிரிவில் அவர்தான் எல்லாம். வயது முப்பத்தைந்து இருக்கும். "வாங்க மேடம்" என்று தொடங்கியது பாதியில் கொட்டாவியாக மாறியது.

"மன்னிச்சுக்கங்க. வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க. நாலு மாசம். ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்கும். ஷிஃப்ட் போட்டு அழறாங்க."

"எத்தனை நாளா தூங்கல?"

"நாலு மாசமா மேடம்."

வண்டியில் இருப்பது இரண்டு இருக்கை. ஷோரூம் ஆள் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். எனவே பெரியவனும் மருமகனும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ரவுண்டானா வரை போய்த் திரும்பினால் கால் மணி நேரம் என்றார் டை கட்டியவர். வண்டி ஓட்டும்போது செய்கிற வழக்கப்படி நாற்பதம்மா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பையை மருமகனிடம் கொடுத்தாள்.

"பார்த்துப் போங்க அத்தை," என்றார் மருமகன். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

இருக்கை அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. பெரியவன் சொன்னது பொய்யில்லை. தரை பக்கத்திலேயே இருந்தது. வேனில் இருக்கும்போது மற்ற வண்டிகளின் கூரைதான் தெரியும். இங்கே அவற்றின் சக்கரங்கள் தெரிந்தன. எஞ்சினை முடுக்கியதும் முதுகுக்குப் பின்னால் பெரிய பூனை ஒன்று விழித்துக்கொண்டது போல ஒரு சத்தம்.

கடைத்தெருவைத் தாண்டினாள். இருபது. முப்பது. நாற்பது.

கால் அங்கேயே நின்றுவிட்டது.

"மேடம், இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"முள்ளு நாற்பதுலயே நிக்குதே?"

"ஆமா, நிக்கும்."

டை கட்டியவர் முள்ளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற ஸ்கூட்டர் ஒன்று அவர்களை முந்தியது. ஓட்டியவன் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, வண்டி ரிப்பேரோ என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டுப் போனான்.

ரயில்வே கேட் வந்தது. திறந்துதான் இருந்தது. நாற்பதம்மா நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். ரயில் வருகிறதா என்று இடது பக்கம் காது கொடுத்துக் கேட்டாள், வலது பக்கம் கேட்டாள்.

"கேட்டு திறந்திருக்கே மேடம்?"

"கேட்டுக்காரர் தூங்கிட்டிருந்தா?"

தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு இன்னொரு கொட்டாவி வந்தது.

தபால் பெட்டி முக்கில் வண்டி நின்றது. பிறகு பச்சைக் கதவு வீட்டின் முன். பிறகு மருந்துக் கடை.

"இங்கே யாராவது ஏறணுமா?" என்று கேட்டார் டை கட்டியவர்.

"இல்ல. கால் தானா நிறுத்துது. இருபத்திரண்டு ஸ்டாப் இருக்கு. பொறுத்துக்கங்க."

நாலாவது நிறுத்தத்தில் அவர் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாவதில் நாற்பதம்மா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, கன்னம் கண்ணாடியில் ஒட்டி, வாய் லேசாகத் திறந்திருந்தது. டை தோளுக்கு மேல் ஏறிக் கிடந்தது.

அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாகப் பின்கண்ணாடியில் பார்த்த சாய்வு. அவள் ஓட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். வேறு எந்த வேனிலும் அப்படித் தூங்க மாட்டார்கள் என்று தாய்மார்கள் சொல்வார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ரவுண்டானா வந்தது. அங்கேதான் திரும்ப வேண்டும். ஆனால் வளைத்தால் தலை கண்ணாடியில் இடிக்கும். தூங்குகிற பிள்ளையோடு வளைவைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது அவளுடைய பழைய சட்டம். யாரும் எழுதி வைக்காத சட்டம்.

நேராகப் போனாள்.

*

அதற்கப்புறம் தெரு கனவு மாதிரிதான் இருந்தது. நிழல் இல்லாத மரங்கள். நிழல் இல்லாத வீடுகள். ஒரு பெண்மணி மாடியில் போர்வையை உதறினாள்; அதன் சத்தம் போர்வை மடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஒருவர் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் யாருடைய பிள்ளை என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மகளும் இப்படித்தான் தூங்குவாள்.

அவள் படித்ததும் அதே பள்ளிக்கூடத்தில்தான். முதல் ஆளாக ஏறி, கடைசி ஆளாக இறங்குவாள். கடைசி வரிசை, ஜன்னலோரம். ஒரு மாலை எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் வாசலில் எண்ணி இறக்கிவிட்டு, நாற்பதம்மா வேனைப் பூட்டி, சாவியை மேலதிகாரியிடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். எண்ணிக்கை முப்பது. பதிவேட்டிலும் முப்பது. சரியாக இருந்தது. சொந்தப் பிள்ளை பதிவேட்டில் கிடையாது. அப்போது மகளுக்கு ஆறு வயது.

இருபது நிமிடம் கழித்துத்தான் கை காலியாக இருப்பது உறைத்தது. ஓடினாள். மகள் எழுந்திருக்கவே இல்லை. "வந்துட்டோமாம்மா?" என்று கேட்டாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு. அவ்வளவுதான். அழக்கூட இல்லை. அழுததெல்லாம் நாற்பதம்மாதான்.

அன்றிலிருந்து எஞ்சினை அணைத்ததும் எழுந்து, ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டுக்கொண்டு கடைசி வரிசை வரை நடப்பாள். மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமான பிறகும் நடந்தாள். போன இரண்டு வருடமும் நடந்தாள். வீட்டிலும் இரவு விளக்கை அணைக்கும் முன் மனசுக்குள் ஒரு எண்ணிக்கை ஓடும். ஒன்று குறையும். மறுபடி எண்ணுவாள்.

பைபாஸ் வந்துவிட்டது.

நாலு வழிச் சாலை. முன்னால் ஒன்றுமில்லை. பின்கண்ணாடியிலும் ஒன்றுமில்லை. நூறு வரை போகலாம் என்று பலகை சொன்னது. டை கட்டியவர் ஏதோ முனகி, சீட்டில் இன்னும் வசதியாகச் சரிந்துகொண்டார்.

நாற்பதம்மா தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி.

நாற்பத்தொன்று.

ஒன்றும் ஆகவில்லை. யாரும் வந்து பிடிக்கவில்லை. ஐம்பது. அறுபத்தைந்து. அந்தப் பூனை எழுந்து சோம்பல் முறித்தது. எண்பது. சாலையோரத்து மரங்கள் தனித்தனி மரமாக இருப்பதை விட்டுவிட்டு ஒரே பச்சைத் துணியாக ஓடின. வெள்ளைக் கோடுகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு.

சத்தம் கேட்கவில்லை. அல்லது, கேட்டது போதும் என்று காது நினைத்துவிட்டது. கையிருந்தது, சக்கரமிருந்தது, சாலையிருந்தது. வேறெதுவும் அங்கே இல்லை. ஒரு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் இருக்காது.

பிறகு மெல்லக் காலை எடுத்தாள். ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். அணைத்ததும் உடம்பு தானாக எழப் பார்த்தது. தலை திரும்பியது.

பின்னால் ஒன்றும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் உடனே சுவர். தைத்த தோல், நேர்த்தியான தையல். அவள் கையை நீட்டி அதைத் தொட்டாள். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

*

திரும்பி வந்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பெரியவன் ஷோரூம் வாசலில் இல்லை. நடுச்சாலையில் நின்றிருந்தான். சட்டை வெளியே வந்திருந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் அவளுடைய பை. ஐந்தடி தள்ளி மருமகன். சிவப்பு வண்டி நாற்பதில் ஊர்ந்து வருவதைப் பார்த்ததும் மருமகன் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவன் ஓடி வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியின் பம்பரைப் பார்க்காமல் நேராக ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தான்.

"எங்கேம்மா போனே? மூணு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன்!"

"மெதுவாப் பேசுடா. தூங்கறார்."

"யாரு?"

நாற்பதம்மா பக்கத்து இருக்கையின் தோளை விரல் நுனியால் தட்டினாள். "கண்ணு, வந்துட்டோம். இறங்கணும்."

டை கட்டியவர் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிய அவருக்கு நேரம் பிடித்தது. தெரிந்ததும் முகம் வெளுத்தது. பிறகு மணியைப் பார்த்தார். வெளுத்த முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது.

"ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கேன் மேடம். ஒன்றரை மணி நேரம்!" என்றார். "மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

உள்ளே கண்ணாடி மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தண்ணீர் வந்தது. பெரியவன் இரண்டு டம்ளர் குடித்தான். குடித்து முடித்ததும் கோபம் திரும்பி வந்தது.

"போதும்மா. ஓட்டிப் பார்த்தாச்சு இல்ல? நாற்பதுல போக எதுக்கு இந்த வண்டி? அதுக்கு சைக்கிள் போதும்."

"தொண்ணூத்தெட்டு போனேன்."

பெரியவன் டை கட்டியவரைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்தார்.

"எத்தனை நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷத்துக்கா இருபத்தேழு வருஷ உழைப்பு? நீயே சொல்லு. பணத்துக்கேத்த வண்டியா இது?"

நாற்பதம்மா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே சிக்னலில் ஒரு வேன் நின்றிருந்தது. அவளுடையது இல்லை, வேறு பள்ளிக்கூடத்து வேன்.

"அந்த ஒரு நிமிஷம் நான் அவளை நினைக்கல," என்றாள். "ரெண்டு வருஷத்துல முதல் தடவை. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. ஆனா இன்னொரு தடவை வேணும்னு இருக்கு. அதுக்கு என்ன விலைன்னு உன் ஆபீஸ்ல ஏதாவது கணக்கு இருந்தா சொல்லு, கேட்டுக்கறேன்."

மருமகன் தலையைத் தூக்கவில்லை. மேஜைக் கண்ணாடியில் இருந்த ஒரு விரல் ரேகையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது போன பிறகும் துடைத்தார்.

பெரியவன் நெற்றியைத் தேய்த்தான். பிறகு காப்பீட்டுப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

"நானே எழுதறேன். இவங்க தப்பா எழுதினா நாளைக்கு என் மேஜைக்குத்தான் வரும்."

அவன் சம்மதம் என்று சொன்ன விதம் அதுதான். நாற்பதம்மா டை கட்டியவரிடம் காசோலையை நீட்டினாள். அவர் அதை வாங்கி எழுந்து போனார்.

பேனா ஓடியது. உரிமையாளர், முகவரி, வயது. வயதை எழுதும்போது மட்டும் ஒரு பெருமூச்சு. கடைசிப் பக்கத்தில் நின்றது.

"வண்டியை ஓட்டப்போற இன்னொருத்தர் பேரு கேட்கறாங்க." பெரியவன் பேனாவை மூடித் திறந்தான். அவன் கேட்கக்கூடாது என்று காலையில் சொல்லியிருந்தாள். ஆனால் அடக்க முடியவில்லை. "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா கையில இப்ப ஒண்ணும் இல்ல. நீங்க கிளம்பறதா இருந்தா—"

"டேய்." நாற்பதம்மாவின் குரல் முப்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் உட்கார வைத்த குரல். "அவரை எதுலயும் கட்டாதே. அவர் எப்ப வேணா போகலாம். நான் வீட்டை மாத்திக்குவேன், சின்ன ரூமா பார்த்துக்குவேன். அதையும் யோசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த இடத்துல கோடு போடு."

பெரியவன் பேனாவை வைத்தான்.

"இருங்க மச்சான்," என்றார் மருமகன். "என் பேரை எழுதுங்க."

பெரியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதே மாப்பிள்ளை?"

"பதினோரு கிளாஸ் போயிருக்கேன்."

"எப்ப?" என்றாள் நாற்பதம்மா.

"அவளும் நானும். சனிக்கிழமை சனிக்கிழமை. சினிமாவுக்குப் போறோம்னு உங்ககிட்ட சொல்லிட்டு."

நாற்பதம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமைகள் நினைவிருந்தன. திரும்பி வந்ததும் என்ன கதை என்று கேட்பாள். ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒருவர் சொன்னதில் கதாநாயகி செத்திருப்பாள், இன்னொருவர் சொன்னதில் கல்யாணம் நடந்திருக்கும். இருவரும் பாதிப் படத்தில் தூங்கிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத் தம்பி மறைச்சீங்க?"

"நீங்க ரிடையர் ஆகற அன்னிக்குத் தெரியணும்னு அவ ஆசைப்பட்டா." மருமகன் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வெட்டிப் பொருத்துகிற மாதிரி பேசினார். "ஒரு கார் வாடகைக்கு எடுத்து, உங்களை வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறதா இருந்தோம். போறப்ப நான், வர்றப்ப அவ. 'அம்மா ஒரு நாள்கூடப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்ததில்ல, உட்காரட்டும்'னா."

பெரியவன் படிவத்தை நோக்கிக் குனிந்துகொண்டான். பேனா எழுதத் தொடங்கியது. தங்கையின் கணவர் பெயரை எழுத்துப் பிழையில்லாமல், கட்டத்தைத் தாண்டாமல், தேவைக்கு மேல் மெதுவாக எழுதினான்.

"உரிம எண்?" என்று கேட்டான், நிமிராமல்.

"இன்னும் இல்ல."

"அப்ப அதை பென்சில்ல விட்டுடறேன்."

"ஆறு வாரத்துல லைசென்ஸ் வந்துடும், பேனாவால எழுதிக்கலாம்," என்றாள் நாற்பதம்மா. தண்ணீர் டம்ளரை எடுத்தாள். அது காலி.

டை கட்டியவர் ரசீதோடு வந்தார். வண்டி அடுத்த வெள்ளிக்கிழமை வரும் என்றார். மூவர் முகத்தையும் பார்த்து, ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று நினைத்து, "மேடம், தூங்கினது என் தப்புதான்," என்றார்.

*

பெரியவன் அலுவலகத்துக்குக் கிளம்பினான். போகும்போது படியில் நின்று திரும்பி, "சீட் பெல்ட்டு!" என்று மட்டும் கத்திவிட்டுப் போனான்.

நாற்பதம்மாவும் மருமகனும் பஸ்ஸில் ஏறினார்கள். மதிய நேரம். பாதி இருக்கைகள் காலி. அவள் ஜன்னலோரம் போனாள். அவர் வழக்கமாக இரண்டு வரிசை தள்ளி நிற்பார். இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வெளிச்சம் இன்னும் அப்படியேதான் இருந்தது. கடைகள் பின்னால் போயின. யாரோ ஒரு பெண் பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

"பதினோரு கிளாஸ்ல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ரிவர்ஸ் வரைக்கும். நான் நல்லா எடுப்பேன். அவ சுவத்துல இடிச்சா. பன்னிரண்டாவது கிளாஸ்ல டெஸ்ட்டுக்குத் தேதி சொல்றதா இருந்தாங்க."

"சொன்னாங்களா?"

மருமகன் கையிலிருந்த டிக்கெட்டை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார்.

"நாங்க போகல," என்றார்.

அவர்கள் சினிமா என்று சொல்லிக் கிளம்பிய கடைசிச் சனிக்கிழமை அதுதான்; நோய் தெரிய வந்தது அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து. மருத்துவமனைச் சீட்டுகளின் தேதிகள் நாற்பதம்மாவுக்கு மனப்பாடம். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை மகளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னாள்.

"அப்ப அன்னிக்கு எங்கே போனீங்க?"

"கிளாஸுக்குத்தான் கிளம்பினோம் அத்தை," என்றார் மருமகன். "பாதி வழியில அவ ஆட்டோவை ஒரு வீட்டு வாசல்ல நிறுத்தச் சொன்னா. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டா. இன்னிக்கு நீங்க அந்த ஒரு நிமிஷத்தைப் பத்திச் சொன்னதுக்கப்புறம், இனிமே வெச்சுக்கக்கூடாதுன்னு தோணுது."

நாற்பதம்மா மடியிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.